முயல் ரோமமும் மலைநாட்டு ஈரமும்: வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் அங்கோரா முயல் வளர்ப்பைப் பற்றி நான் எழுதிய சிறு கட்டுரைக்குப் பல தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். நானுஓயாவில் என் வீட்டுக் கொல்லையில் இப்போது ஒன்பது முயல்கள் இருக்கின்றன. பதினொரு வருடங்களாக இவற்றின் ரோமத்தை நூற்று, சாயமிட்டு, பின்னி வருகிறேன். என் கையால் செய்து பார்த்ததையும், கால்நடை வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்ததையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

அங்கோராவும் மொஹேரும் ஒன்றுதானா? கடையில் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். (வாசகி, தலவாக்கலை)

ஒன்றல்ல. துருக்கியின் தலைநகரான அங்காராவுக்கு முன்பு வழங்கிய பெயர்தான் அங்கோரா. அந்த ஊரின் பெயரைப் பெற்ற வெள்ளாட்டின் ரோமம் மொஹேர். அதே பெயரைப் பெற்ற முயலின் ரோமமே அங்கோரா. மொஹேர் பளபளப்பானது, உறுதியானது. அங்கோரா இழையோ 12 முதல் 15 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையே பருமன் உள்ளது. நல்ல மெரினோ ஆட்டு ரோமம்கூட 18 மைக்ரோனை ஒட்டியே இருக்கும். அங்கோரா இழையின் நடுவே வரிசையாகக் காற்றறைகள் உள்ளன. கையில் எடுத்தால் எடையே தெரியாத அந்த ரோமம் அவ்வளவு சூட்டைத் தருவதற்கு அந்தக் காற்றே காரணம்.

தை மாதத்தில் எங்கள் பக்கம் துகள் பனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகிவிடுகிறது. அந்தக் குளிரில் முயல் விறைத்துவிடாதா? கூட்டுக்குள் மின்விளக்கு போட வேண்டுமா? (வாசகர், நுவரெலியா)

உங்கள் கவலை எனக்கும் முதல் வருடத்தில் இருந்தது. விடிகாலையில் எழுந்து கூட்டுக்கு ஓடியபோது, புல்நுனியெல்லாம் வெள்ளையாகிக் கிடந்த அந்த நேரத்தில், என் முயல்கள் மூக்கை ஆட்டிக்கொண்டு புல்லுக்காகக் காத்திருந்தன. முழு ரோமத்தோடு இருக்கும் அங்கோராவுக்கு நமது குளிர் ஒரு பொருட்டல்ல. ஏறத்தாழ 10 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலை அதற்கு மிகவும் உகந்தது. 30 பாகையைத் தாண்டினால்தான் உயிருக்கே ஆபத்து. முயலுக்கு வியர்க்காது. உடற்சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகவே வெளியேற்றுகிறது. ஆகவே மின்விளக்கு வேண்டாம்.

நமது மலையில் முயலைக் கொல்வது ஈரம். மேற்குச் சரிவில் வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழை வாரக்கணக்கில் விடாமல் பெய்யும்போது கூட்டின் பலகை காயாது, புல் காயாது, சிறுநீர் ஊறிய தரையிலிருந்து எழும் அமோனியா வாடை கூட்டுக்குள்ளேயே நின்றுவிடும். அந்த வாடை முயலின் மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும். பிறகு தும்மலும் மூக்குச்சளியும் வரும். முன்னங்கால்களின் உட்பக்க ரோமம் ஒட்டிப் பிசுபிசுப்பாக இருந்தால், அது மூக்கைத் துடைத்த அடையாளம் என்று அறிந்து உடனே கால்நடை வைத்தியரை நாடுங்கள். ஈரமான ரோமம் ஒரே இரவில் சிக்குப் பிடிக்கும். சிக்கின் அடியில் தோல் வெந்து புண்ணாகும், அந்தப் புண்ணில் ஈ முட்டையிடும்.

எனவே கூட்டைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் கட்டுங்கள். அடிப்பக்கம் அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையாக இருந்தால் எச்சமும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும். ஆனால் கம்பியிலேயே நாள் முழுவதும் நின்றால் பின்னங்காற் பாதம் புண்ணாகும் என்பதால், ஒரு மூலையில் உட்கார ஒரு பலகைத் துண்டை வையுங்கள். அதைத் தினமும் எடுத்துக் கழுவி, காய்ந்த வேறொரு பலகையை மாற்றுங்கள். அதற்காகவே ஒவ்வொரு கூட்டுக்கும் இரண்டு பலகைகள் வைத்திருக்கிறேன். மழை எந்தப் பக்கமிருந்து சாரல் அடிக்கிறதோ அந்தப் பக்கத்தை முழுவதும் அடைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். நான்கு பக்கமும் சாக்கைப் போட்டு மூடுகிறவர்கள் அன்பினால்தான் மூடுகிறார்கள், ஆனால் உள்ளே வாடையை அடைத்துவிடுகிறார்கள்.

ஒரேயொரு சமயத்தில் குளிரும் பகைதான். ரோமம் வெட்டிய முதல் பத்து நாட்களில் முயலுக்குப் போர்வை இல்லை. அதனால் துகள் பனி விழும் வாரங்களில் வெட்டாதீர்கள். வெட்டியே ஆகவேண்டுமானால் ஒரு சென்டிமீற்றருக்குக் குறையாமல் ரோமத்தை விட்டு வெட்டி, காற்றுப் படாத பெட்டிக்குள் காய்ந்த புல்லை இட்டு வையுங்கள். அந்த நாட்களில் அது வழக்கத்தைவிட அதிகம் தின்னும். தாராளமாகக் கொடுங்கள்.

நாங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிறோம். வீட்டுக்குள்ளே இடமில்லை, பின்பக்கத் தாழ்வாரம் மட்டுமே உண்டு. எங்களால் வளர்க்க முடியுமா? (வாசகி, பொகவந்தலாவை)

இரண்டு முயல்கள் வரை முடியும், அதற்கு மேல் வேண்டாம். இதைச் சொல்லும்போது மனம் சங்கடப்படுகிறது, ஏனெனில் ஆர்வத்தோடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் லயத்தில் இருப்பவர்கள்தான். முதலில் தோட்ட நிர்வாகத்திடமும் இரு பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். முயலின் எச்சம் மணக்காது, சிறுநீர்தான் மணக்கும். கூட்டின் கீழே சாம்பலும் மரத்தூளும் போட்ட தட்டு ஒன்றை வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அதை மரக்கறிப் பாத்திக்குக் கொண்டுபோனால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அடுப்புப் புகை வெளியேறும் பக்கத்தில் கூடு இருக்கக்கூடாது. புகை முயலின் மூச்சுக்கும் ஆகாது. ரோமத்தில் ஏறிய புகைவாடை மூன்று முறை கழுவினாலும் போகாது. இரவில் மரநாயும் தெருநாயும் வரும் இடமென்றால், கொக்கிக்குப் பதிலாகப் பூட்டே போடுங்கள்.

ஒரு கூட்டில் ஒரு முயல்தான் இருக்கவேண்டும். ஒன்றையொன்று நக்கினாலும் கடித்தாலும் ரோமம் கெடும்.

நாங்கள் மரக்கறித் தோட்டக்காரர். கோவா இலை, லீக்ஸ் தழை, கரட் தழை, உருளைக்கிழங்குக் கொடி என்று எல்லாம் மிஞ்சுகிறது. முயலுக்கு இதையே போட்டு வளர்த்துவிடலாமா? (வாசகர், வெலிமடை)

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனெனில் நான் இழந்த முதல் முயல் தீனியில் வந்த தவறினால்தான் இறந்தது.

லீக்ஸ் வெங்காய இனம். அது முயலின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், எனவே ஒரு தாளும் போடாதீர்கள். உருளைக்கிழங்குக் கொடியும் அவகாடோ இலையும் நஞ்சு. வேலியோரத்து உன்னிச்செடியும் அப்படியே. கோவா இலை வயிற்றில் வாயுவை உண்டாக்கும் என்பதால் எப்போதாவது ஒரு துண்டு போதும். கரட் தழை நல்லது, ஆனால் மருந்து தெளித்த பாத்தியின் தழையைக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டாருக்கு எந்தப் பாத்தியில் எப்போது மருந்தடித்தார்கள் என்பது தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கும் தழைக்கு அந்த உறுதி இல்லை.

இவை எல்லாமே துணை உணவுதான். அங்கோராவின் முதன்மை உணவு காய்ந்த புல். முயல் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது ரோமத்தை விழுங்கிவிடுகிறது. அதற்குப் பூனையைப்போல வாந்தி எடுக்கத் தெரியாது. விழுங்கிய ரோமம் குடலோடு வெளியேற வேண்டுமானால் நார்ச்சத்து அதைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். தள்ளாவிட்டால் ரோமம் இரைப்பையில் உருண்டையாகி அடைத்துவிடும்.

என் முதல் பெண் முயலுக்குச் சந்தையில் மிஞ்சிய பச்சைத் தழையையும், ஒரு கடையில் வாங்கிய குளிகைத் தீனியையும் மட்டுமே கொடுத்து வந்தேன். மழைக்காலத்தில் யார் புல்லைக் காயவைப்பது என்ற சோம்பல் எனக்கு. ஒருநாள் கூட்டின் கீழே பார்த்தபோது, எச்சம் தனித்தனி உருண்டைகளாக இல்லாமல், ஒரே ரோம இழையில் கோத்த மணிமாலைபோல ஐந்தாறு உருண்டைகள் தொங்கின. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அது எச்சரிக்கை என்பது தெரியவில்லை. நான்கு நாட்கள் கழித்து உருண்டைகள் சிறுத்தன, பிறகு நின்றேபோயின. முயல் மூலையில் முதுகைக் குனித்து உட்கார்ந்து பல்லை நெறித்தது. வைத்தியரிடம் கொண்டுபோவதற்குள் காலம் கடந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் தீனி போடும் முன் எச்சத்தைப் பார்க்கிறேன். மணிமாலை தெரிந்தால் குளிகைத் தீனியை நிறுத்தி, இரண்டு நாட்களுக்குக் காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுக்கிறேன். ரோமம் நீண்டிருந்தால் அன்றே வெட்டிவிடுகிறேன். பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் முயல் எதையும் தின்னாமலும் எச்சமிடாமலும் இருந்தால், அது காலை வரை பொறுக்கக்கூடிய நோயல்ல.

புல் காயவைப்பதற்கு மாசியும் பங்குனியும் நமக்குக் கிடைத்த கொடை. கினிப்புல்லைப் பூக்கும் முன் அறுத்து, கூரைத் தகரத்தின்மேல் பரப்பி, நாளுக்கு இருமுறை புரட்டினால் மூன்று வெயிலில் காய்ந்துவிடும். கையில் முறுக்கினால் ஒடியவேண்டும், வளையக்கூடாது. சாக்கில் கட்டி அடுப்பங்கரைப் பரணில் வைத்தால் மழைக்காலம் முழுவதற்கும் வரும். பூஞ்சணம் பிடித்த புல்லை வருத்தப்படாமல் எருக்குழியில் போடுங்கள். குளிகைத் தீனியில் புரதம் 16 முதல் 18 சதவீதம் இருப்பது நல்லது. ரோமமே புரதம் என்பதால் அது குறைந்தால் இழை மெலிந்து நூற்கும்போது அறும்.

அங்கோரா என்று சொல்லி எனக்கு ஒரு சோடி விற்றார்கள். ஆறு மாதமாகியும் கழுத்தைச் சுற்றி மட்டுமே நீண்ட ரோமம் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (வாசகர், பதுளை)

கழுத்தைச் சுற்றிச் சிங்கத்தின் பிடரிபோல ரோமம் இருந்து, முதுகும் விலாவும் குட்டை ரோமமாக இருந்தால் அது லயன்ஹெட் என்னும் செல்லப்பிராணி வகை, அல்லது அதன் கலப்பு. அங்கோராவின் முதுகிலும் விலாவிலும் மூன்று மாதத்தில் 6 சென்டிமீற்றருக்கு மேல் ரோமம் வளரும். ஊதிப் பார்த்தால் பூப்போலச் சுற்றிலும் விரியும். ஆங்கில வகைக்கு முகத்திலும் காது நுனியிலும் குஞ்சம் இருக்கும், பிரெஞ்சு வகைக்கு முகம் வெறுமையாக இருக்கும். ஜெர்மன் வகை உருவத்தில் பெரிது, ரோமமும் மற்றெல்லாவற்றையும்விட அதிகம். நன்றாக வளர்த்தால் வருடத்துக்கு 1 கிலோகிராமை எட்டும். ஆங்கில வகையில் அதன் பாதியைக்கூட எதிர்பார்க்கக் கூடாது.

இனி வாங்குவதானால் குட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், தாயைப் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்பவரிடம் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். பதுளை நகரம் எங்களைவிட மிகவும் தாழ்வானது, சூடானது. பகலில் கூட்டுக்குள் தண்ணீரை உறையவைத்த போத்தல் ஒன்றை வைத்தால் முயல் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். உங்களிடம் இருக்கும் சோடியை ரோமத்துக்காக அல்லாமல் அன்புக்காக வளர்த்து வாருங்கள். அவை எந்தத் தவறும் செய்யவில்லை.

முயலின் ரோமத்தை உயிரோடு பிடுங்கும் காணொளி ஒன்றைப் பார்த்து அழுதுவிட்டேன். நீங்களும் அப்படித்தான் எடுக்கிறீர்களா? (மாணவி, ஹட்டன்)

நீங்கள் பார்த்தது 2013இல் வெளியான காணொளியாக இருக்கலாம். சீனப் பண்ணைகளில் முயல்களைக் கட்டிவைத்துப் பிடுங்குவதை அது காட்டியது. அதன் பிறகு ஐரோப்பாவின் பல உடை நிறுவனங்கள் அங்கோராவை வாங்குவதை நிறுத்தின, அது சரியான முடிவு. அழுததற்கு வெட்கப்படாதீர்கள்.

பிரெஞ்சு, ஆங்கில வகைகள் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயல்பாகவே ரோமம் உதிர்க்கும். அந்த நாட்களில் சீப்பை வைத்தாலே ரோமம் கழன்று வரும், முயல் அரைத் தூக்கத்தில் இருக்கும். இழுக்கும்போது சிறிதளவு எதிர்ப்பு இருந்தாலும் அது இன்னும் கழலவில்லை என்று பொருள், கையை எடுத்துவிட வேண்டும். ஜெர்மன் வகை உதிர்ப்பதே இல்லை. அதைக் கத்தரித்தே ஆகவேண்டும். நான் எல்லா முயல்களையும் கத்தரிக்கிறேன்.

அது எப்படி என்று சொல்கிறேன். மழையில்லாத காலையில், மடியில் ஒரு பழைய சாக்கை விரித்து முயலை உட்காரவைத்து, முதலில் முதுகின் நடுவில் சீப்பினால் வகிடு எடுக்கிறேன். கத்தரிக்கோல் தோலுக்கு இணையாகப் படுத்தே இருக்கவேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு, ரோமத்தை இடக்கையால் தூக்கிப்பிடித்துக்கொண்டு வெட்டுவது. அப்போது மெல்லிய தோலும் கூடாரம்போல மேலெழும், கத்தரி அதையும் சேர்த்து வெட்டிவிடும். ஆகவே இடக்கை தோலைக் கீழ்நோக்கித் தட்டையாக அழுத்த வேண்டும், வலக்கை வரிசை வரிசையாக வெட்டிச் செல்லவேண்டும். வகிட்டிலிருந்து விலாவுக்கும், விலாவிலிருந்து தொடைக்கும் போனபின் கடைசியாக வயிறு. பெண் முயலின் வயிற்றில் முலைக்காம்புகளை விரலால் மூடிக்கொண்டே வெட்டுகிறேன். எனக்கு முதலில் இரண்டு மணி நேரம் பிடித்தது, இப்போது நாற்பது நிமிடம். முயல் மூச்சு வாங்கினால் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்கிறேன். வெட்டி முடித்ததும் அது கூட்டுக்குள் இரண்டு சுற்றுத் துள்ளி ஓடுவதை நீங்கள் ஒருநாள் வந்து பார்க்கவேண்டும்.

வெட்டும்போதே தரம் பிரியுங்கள். முதுகும் விலாவும் முதல் தரம். கழுத்தும் தொடையும் இரண்டாவது. வயிற்று ரோமத்தைத் தலையணைக்கு வையுங்கள். சிக்குப் பிடித்ததை எறியுங்கள். முதல் தரத்தைக் கடதாசிப் பெட்டியில் அழுத்தாமல் அடுக்குங்கள். ஒருமுறை மூன்று மாத ரோமத்தைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தேன், ஆனி மழை முடிந்து திறந்தபோது பைக்குள் வியர்த்து, எல்லாம் ஒரே கம்பளித் துண்டாக ஒட்டிக் கிடந்தது.

பெண் முயல் ஈன்ற குட்டிகளில் ஒன்றின் கால் கறுத்து விழுந்துவிட்டது. எலி கடித்ததா? (வாசகி, கொட்டகலை)

தாயின் ரோமம் சுற்றி இறுக்கியிருக்கும். ஈனுவதற்குமுன் தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கிக் கூட்டில் பரப்பும். அங்கோராவின் ரோமம் நீளமானது என்பதால் குட்டியின் கால், கழுத்து எல்லாவற்றையும் நூல்போலச் சுற்றிக்கொள்ளும். சினைக்காலம் 31 நாட்கள். 25ஆம் நாளளவில் தாயின் ரோமத்தைக் குட்டையாக வெட்டிவிட்டு, வெட்டிய துண்டு ரோமத்தையே பெட்டியில் இடுங்கள்.

தக்ளியில் (கையால் சுழற்றும் நூற்புக் கதிரில்) நூற்றால் இழை வழுக்கி அறுகிறது. ஆடியில் காற்றடிக்கும்போது ரோமம் கையைவிட்டுப் பறக்கிறது. ஆட்டு ரோமம் நூற்கத் தெரிந்த எனக்கே இது வசப்படவில்லை. (வாசகி, அப்புத்தளை)

ஆட்டு ரோமத்தில் சுருளும் எண்ணெய்ப் பசையும் உண்டு, அவை இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும். அங்கோராவில் இரண்டும் இல்லை. எனவே அதைப் பிடித்துவைக்க வேண்டியது முறுக்கு ஒன்றுதான். ஆட்டு ரோமத்துக்குப் போதும் என்று உங்கள் கை பழகிய முறுக்கைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கொடுங்கள். நூலைத் தளர்த்திப் பிடித்தால் அது தானாகவே மடிந்து தன்மேல் சுற்றிக்கொள்ள வேண்டும். சும்மா தொங்கினால் முறுக்குப் போதாது, அந்த நூலில் பின்னிய உடையெல்லாம் ரோமம் உதிர்க்கும்.

தக்ளியைத் தொங்கவிடாதீர்கள். அதன் எடையே மெல்லிய இழையை அறுத்துவிடும். நான் ஒரு வழவழப்பான சிரட்டையை மடியில் வைத்து, அதற்குள் தக்ளியின் முனையை ஊன்றிச் சுழற்றுகிறேன். எடை சிரட்டைமேல் இருப்பதால் இழைக்கு இழுபறி இல்லை. மடியில் கறுப்புத் துணி விரித்தால் வெள்ளை இழை கண்ணுக்குத் தெரியும். ரோமத்தைச் சீப்பவோ அடிக்கவோ தேவையில்லை. வெட்டியபடியே இருக்கும் ஒரு சிறு கொத்தை ஆட்காட்டி விரலின்மேல் மடித்துப் போட்டு, மடிப்பின் நடுவிலிருந்து இழையை இழுங்கள், நுனியிலிருந்து இழுக்காதீர்கள். அங்கோராவில் கொழுப்புப் பசை இல்லாததால் நூற்கும் முன் கழுவவும் வேண்டாம்.

காற்றைப் பற்றி: ஊவாப் பக்கத்தில் ஆடியில் வீசும் கச்சான் காற்று வரட்சியானது, அந்த வரட்சியில் ரோமத்தில் நிலைமின் ஏறி இழைகள் ஒன்றையொன்று தள்ளும். கையைச் சற்று ஈரமாக்கிக்கொள்ளுங்கள், அல்லது நூற்கும் முதல்நாள் இரவு ரோமப் பெட்டியின் மூடியைத் திறந்து குளியலறையில் வைத்து எடுங்கள். முயலுக்குப் பகையான ஈரம் நூற்பவளுக்குத் துணை. எங்கள் பக்கத்தில் மூடுபனி இறங்கும் மாலைகளில்தான் என் நூல் மிகச் சீராக வருகிறது.

இரண்டு நூல்களை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கிச் சிட்டமாக்கிய (வளையமாகச் சுற்றிக் கட்டிய) பின், கை பொறுக்கும் சூட்டு நீரில் ஊறவைத்து, பிழியாமல் துவாயில் சுருட்டி எடுத்து, சிட்டத்தை மேசை விளிம்பில் நாலைந்து முறை தட்டுங்கள். அதுவரை மெலிந்து கிடந்த நூலைச் சுற்றி அப்போதுதான் புகைபோல ஒரு பூப்பு எழும். அங்கோராவின் அழகெல்லாம் அந்தப் பூப்புத்தான்.

பீட்ரூட்டை அவித்து அதில் நூலை ஊறவைத்தேன். அருமையான ரோசா நிறம் வந்தது. ஒரே மாதத்தில் அழுக்கு வெள்ளையாகிவிட்டது. உப்பும் வினாகிரியும் போட்டேனே? (வாசகி, கண்டி)

பீட்ரூட்டின் நிறம் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் நிற்காது. உப்பும் வினாகிரியும் அதை நிறுத்திவைக்க மாட்டா. மஞ்சளும் அப்படித்தான்: முதல்நாள் கண்ணைப் பறிக்கும், வெயிலில் வெளிறிவிடும். பீட்ரூட்டைக் கறிக்கு வையுங்கள். வெங்காயத் தோலை எறியாமல் சேருங்கள்.

சாயம் நூலில் பிடித்து நிற்க, 100 கிராம் நூலுக்கு 12 கிராம் படிகாரம் போதும். அங்கோரா நூல் தன்னுள் காற்றை வைத்திருப்பதால் தண்ணீரில் மிதக்கும்; ஒரு சொட்டுச் சவர்க்காரம் கலந்த நீரில் முதல்நாள் இரவே அமிழ்த்தி ஊறவிடாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். மறுநாள் படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்து, இளஞ்சூடான தண்ணீரோடு கலந்து, நூலை இட்டு, மெல்லிய தீயில் ஒரு மணி நேரமெடுத்து 80 பாகை வரை சூடேற்றுங்கள். கொதிக்க விடாதீர்கள், கிளறாதீர்கள். திடீர்ச் சூடும் கிளறலும் சேர்ந்தால் நூல் கம்பளிக் கட்டியாகிவிடும். அப்படியே ஆறவிட்டு, நூலின் அளவுக்கு எடையுள்ள வெங்காயத் தோலை அவித்து வடித்த சாயநீரில் இதேபோல் சூடேற்றினால் பொன்னிறமும் செம்பொன்னிறமும் கிடைக்கும். கரட் தழை மஞ்சளைத் தரும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டி வேர் நல்ல செம்மை தரும், ஆனால் 70 பாகையைத் தாண்டினால் அது பழுப்புக்குத் திரும்பும். முற்காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் துணிக்குச் சிவப்பேற்றத் தோண்டிய சாயவேரும் மஞ்சிட்டியும் ஒரே தாவரக் குடும்பம் என்று அறிந்தபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

நமது தேயிலையை மறக்கக்கூடாது. 50 கிராம் தூசித் தேயிலையை அவித்து வடித்த நீர், படிகாரம் இல்லாமலேயே நூலுக்கு மான்தோல் நிறத்தைத் தருகிறது, ஏனெனில் அதிலுள்ள துவர்ப்பே நிறத்தைப் பிடித்துவைக்கிறது. துருப்பிடித்த ஆணி ஊறிய நீரைச் சில துளிகள் விட்டால் சாம்பல் நிறமாகும். இரும்பு அதிகமானால் இழை நொறுங்கும், ஆகவே துளிகளோடு நிறுத்துங்கள். யூக்கலிப்டஸ் இலையும் படிகாரம் இன்றிப் பிடிக்கும். எங்கள் தோட்டத்து மரங்களிலிருந்து எனக்குக் கிடைத்தது பழுப்பு நிறம்.

எந்தச் சாயமும் ஆட்டு ரோமத்தில் ஏறுவதைவிட அங்கோராவில் ஒரு படி வெளிறியே தெரியும். உள்ளிருக்கும் காற்றறைகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம், உங்கள் கைப்பிழை அல்ல. சாயப் பானையைச் சமையலுக்குத் திருப்பாதீர்கள்.

கடையில் வாங்கும் கம்பளி நூல் உண்மையில் கம்பளிதானா என்று எப்படி அறிவது? (வாசகி, மஸ்கெலியா)

ஒரு துண்டு நூலைப் பற்றவையுங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் ரோமம். உருகிச் சொட்டி, ஆறியதும் கறுத்த கடினமான மணியாக நின்றால் அக்ரிலிக்.

மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்? வேலையை விட்டுவிட்டு ஐம்பது முயல் வாங்கலாமென்று இருக்கிறேன். (வாசகர், நாவலப்பிட்டி)

தம்பி, வேலையை விடாதீர்கள். 100 கிராம் அங்கோராவைத் தக்ளியில் நூற்க எனக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ராட்டையில் பாதி நேரம் போதும், ஆனால் பின்னுவதற்கு அதே அளவு நேரம் வேண்டும். அந்த மணித்தியாலங்களுக்குக் கூலி போட்டுப் பார்த்தபின் ஒரு சால்வைக்கு என்ன விலை சொல்லவேண்டியிருக்கும் என்று கணக்கிடுங்கள். நூற்காத ரோமத்தை மொத்தமாக வாங்கும் ஆலை எதையும் நம் மலைநாட்டில் நான் கண்டதில்லை. ஐம்பது முயல்களுக்கும் மழைக்காலத்தில் காய்ந்த புல் வேண்டும் என்பதை நினையுங்கள். இரண்டு பெண் முயல்களை வாங்கி, ஒரு முழு வருடம், நான்கு முறை வெட்டி, நூற்று, ஒரு தொப்பியாவது பின்னிய பிறகு மீண்டும் எனக்கு எழுதுங்கள். நாவலப்பிட்டியின் மழைக்கு உங்கள் கூட்டின் கூரை நீண்டிருக்க வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, என் அம்மா முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். இடுப்பில் படங்கு கட்டினாலும் மழையில் முழங்கால் நனைந்து, இரவில் வலியால் தூங்கமாட்டார். அங்கோரா முழங்காலுறை வலியைத் தீர்க்கும் என்கிறார்கள். எப்படிப் பின்னுவது? (வாசகி, லிந்துலை)

வலியைத் தீர்க்காது. சூட்டைத் தரும், அந்தச் சூடு இரவில் இதமாக இருக்கும். முழங்கால் வீங்கியிருந்தாலோ காலையில் மடக்க முடியாமல் இருந்தாலோ முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். உறை அதற்குப் பதிலாகாது.

தனி அங்கோராவில் பின்னாதீர்கள். அதற்கு மீள்தன்மை இல்லாததால் இரண்டு நாளில் தளர்ந்து கணுக்காலுக்கு இறங்கிவிடும். ஒரு இழை அங்கோராவையும் ஒரு இழை மெல்லிய ஆட்டுக் கம்பளி நூலையும் சேர்த்து முறுக்கி, அந்த இரட்டை நூலில் பின்னுங்கள். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும், ஐந்து சென்டிமீற்றர் அகலத்துக்கு, கம்பளி நூலால் மட்டும் இரண்டு கண்ணி நேராகவும் இரண்டு கண்ணி புரட்டியும் ரிப் போடுங்கள். உறையைப் பிடித்து நிறுத்துவது அந்த விளிம்புகள்தான். மொத்த நீளம் 26 சென்டிமீற்றர் போதும். அம்மாவை உட்காரவைத்து, காலைச் சற்று மடக்கச் சொல்லி, முழங்காலின் மேலே அரைச் சாண், நடுவில், கீழே அரைச் சாண் என்று மூன்று இடங்களில் சுற்றளவு எடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சென்டிமீற்றர் குறைத்துப் பின்னினால் இறுக்காமலும் வழுக்காமலும் இருக்கும். சோடிக்கு 40 கிராம் அங்கோரா செலவாகும். ஒரு முயலின் ஒருமுறை வெட்டே தாராளம்.

வேலைக்குப் போகும்போது அணிவிக்காதீர்கள். நனைந்தால் அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அன்று முழுவதும் காயாது. அம்மா வீட்டுக்கு வந்து, காலைக் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு போட்டுக்கொள்ளட்டும். வாரத்துக்கு ஒருமுறை இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்தி எடுத்து, துவாயில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். அடுப்பின்மேல் தொங்கவிடாதீர்கள். உங்களிடம் இன்னும் முயல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று இடத்து அளவையும் அனுப்புங்கள். கண்ணிக் கணக்கோடு, போன மாதம் வெட்டிய ரோமத்தில் நூற்ற 40 கிராம் நூலையும் தபாலில் அனுப்பிவைக்கிறேன்.